போர்வை இழந்த சிப்பாய்

அத்தியாயம் 6

செங்கல் ரேடியோவின் தலையைத்தான் குறிவைத்து வந்தது. அவன் அந்த நேரம் பார்த்துப் பேச்சு சுவாரஸ்யத்தில் அரை அடி நகர்ந்து நிற்காமல் இருந்திருந்தால், இந்த அத்தியாயத்தில் அவனுக்கு வேலையே இருந்திருக்காது. கல், மஞ்சள் தலைக்கவசத்தின் ஓரத்தில் பட்டு அதைப் பிளந்தது. காது மடலைக் கிழித்துக்கொண்டு போய்த் தரையில் விழுந்து தூளானது. ரேடியோ தொட்டுப் பார்த்தான். விரலெல்லாம் ரத்தம்.

"அண்ணி, காது இருக்கா?"

"இருக்கு. பாதி போனாலும் பரவாயில்ல, நீ எங்க அடுத்தவங்க சொல்றதைக் கேக்கறே" என்றாள் அண்ணி. அவள் அவனைப் பார்க்கவில்லை. அவள் கண், கட்டடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சாரத்தின் மேல் தட்டில் இருந்தது. அங்கே தொங்கிய சாக்குப் படுதா ஆடிக்கொண்டிருந்தது. அதன் கீழே, சுண்ணாம்பு அப்பிய இரண்டு வெறுங்கால்கள் ஓடி மறைந்தன.

அண்ணி, ரேடியோவின் சொந்த அண்ணன் மனைவி. போலீசில் இருந்தவள். மூடச் சொன்ன வழக்கை மூட மாட்டேன் என்று மேலதிகாரியின் மேஜைமேல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, சொந்தமாகத் துப்பறியத் தொடங்கியவள். ரேடியோ அப்போது வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். ஏறிய ஆள் இறங்குவதற்குள் தன் ஜாதகம் தொடங்கி உலக நடப்பு வரைக்கும் பேசித் தீர்த்துவிடுவான். அதனால் அவன் வண்டியில் யாரும் இரண்டாம் முறை ஏறவில்லை. நிறுத்தும் பொத்தான் இல்லாத ரேடியோ என்று தெருவே பெயர் வைத்தது. கொழுந்தன் வீட்டில் சும்மா இருந்து பேசுவதைவிட வெளியே போய்ப் பேசட்டும் என்று அண்ணி வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள்.

இந்த வழக்கு நேற்றுக் காலைதான் வந்தது. இடம், ஊரின் போர்க்கால அருங்காட்சியகம். போரின்போது ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடம். குண்டு விழும்போதெல்லாம் தெருவே ஓடி ஒளிந்த பதுங்குகுழி ஒன்று அதன் அடியில் இருக்கிறது. இப்போது எல்லாவற்றையும் புதுப்பித்து, பக்கத்தில் புதுக்கூடம் ஒன்றும் கட்டுகிறார்கள். வேலையை ஏற்றிருந்த ஆர்க்கிடெக்ட் பெண்ணுக்கு ஒரு பிடிவாதம். இடித்ததில் ஒரு துண்டுகூட லாரி ஏறி வெளியே போகக் கூடாது. பழைய செங்கல் சுரண்டப்பட்டுப் புதுச் சுவருக்குப் போனது. பழைய உத்தரம் படிக்கட்டானது. சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்புதான். ஏசியும் கிடையாது, அந்த வேலையைப் பதுங்குகுழி பார்த்தது. அதன் பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, தோட்டத்தில் ஒரு வாய் திறந்தார்கள். வெயில் காற்று அதன் வழியே இறங்கி, மண்ணுக்கடியில் குளிர்ந்து, ஆயுதக்கூடத்துச் சுவரோரம் இருந்த இரும்புச் சல்லடை வழியாக மேலே வரும்.

அந்த ஆயுதக்கூடத்தில்தான் நேற்றுக் காலை காவலாளி செத்துக் கிடந்தார். துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி ஒன்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டு அவர் தொண்டை வழியாக இறங்கி மரத்தரையில் குத்தி நின்றது. கத்தியைப் பிடுங்கவே இரண்டு போலீஸ்காரர்கள் தேவைப்பட்டார்கள். பெட்டியின் கண்ணாடி உடையவில்லை. பூட்டுதான் திறந்திருந்தது. சாவிக்கொத்து செத்தவர் இடுப்பிலேயே இருந்தது. அதை அப்போதே போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதே இரவிலிருந்து ஆர்க்கிடெக்டைக் காணவில்லை. பதுங்குகுழி வாசலிலிருந்து கழற்றி வைத்திருந்த பழைய மரக்கதவையும் காணவில்லை. அவள் கதவைத் திருடினாள், தடுத்த காவலாளியைக் குத்தினாள், ஓடிவிட்டாள் என்று போலீஸ் கணக்கை முடித்துக்கொண்டது.

அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாத ஒருத்தி வாசல் சிலைக்கடியில் நேற்றிலிருந்து உட்கார்ந்திருந்தாள். ஆர்க்கிடெக்டின் தங்கை. ரேடியோவைப் பார்த்ததும் எழுந்து வந்து அவன் கையில் ஒரு இன்ஹேலரைத் திணித்தாள். அக்காவுக்கு ஆஸ்துமா, கைப்பையை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், அதற்குள் இது இருந்தது என்றாள்.

"எங்க போனாலும் இதை விட்டுட்டுப் போகமாட்டா. பாத்தா குடுத்துருங்க."

பார்க்கும்போது அவள் உயிரோடு இருப்பாளா என்று ரேடியோவுக்குக் கேட்கத் தோன்றியது. அபூர்வமாக வாயை அடக்கிக்கொண்டான். அதற்குப் பிறகு சட்டைப்பையில் அது இருப்பது அவனுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

செங்கல் விழுந்த சத்தம் கேட்டு அருங்காட்சியகத் தலைவர் ஓடிவந்தார். நரைத்த தலை, தணிந்த குரல், சலவை மடிப்புக் கலையாத சட்டை. வாசல் சிலையில் நிற்பவர் அவருடைய அப்பாதான். போரில் பதுங்குகுழி இடிந்து விழுந்தபோது, உள்ளே மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்ற வெறுங்கையால் மண்ணைத் தோண்டியவர் என்று கல்வெட்டு சொன்னது. ஒருவரையும் காப்பாற்ற முடியவில்லை என்றாலும் தோண்டியதற்காக ஊர் அவருக்குச் சிலை வைத்தது. அண்ணியை இந்த வழக்குக்கு அழைத்தவரும் தலைவர்தான்.

அவர் ரேடியோவை ஆயுதக்கூடத்துக்குள் அழைத்துப் போய் உட்காரவைத்து, தன் கையாலேயே காதுக்கு மருந்து தடவிக் கட்டுப் போட்டார். அவ்வளவு பெரிய மனிதர் தன் காதைத் தொட்டதில் ரேடியோ உருகிப்போனான். தரையில் ரத்தக்கறை இன்னும் போகவில்லை. அதன் பக்கத்தில் ஒரு பெரிய மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அதையும் மீறி எல்லோருக்கும் சட்டை முதுகோடு ஒட்டியது.

தலைவர் வேலையாட்களைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். மேஸ்திரி கொஞ்சம் முரடன், செத்துப்போன காவலாளி அவனுக்கு அக்கா புருஷன், துக்கத்தில் புத்தி பேதலித்திருக்கலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, கதவைப் பற்றி ஏதாவது துப்புக் கிடைத்ததா என்று கேட்டார். நேற்றும் அதைத்தான் கேட்டார். கதவு கிடைத்தால் அந்தப் பெண்ணும் கிடைப்பாள் என்பது அவர் வாதம். கதவு எப்படி இருக்கும், என்ன கனம், எத்தனை பேர் சேர்ந்தால் தூக்கலாம் என்றெல்லாம் ஒப்பித்துவிட்டு, போன் வந்ததும் வெளியே போனார்.

ரேடியோ விசிறிக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

"நேத்து இதே இடத்துல பல்லு கிட்டிச்சு அண்ணி. இன்னிக்கு வேகவைக்கிறான். அதோ அந்தச் சிப்பாயைப் பாருங்க, பொம்மைக்கே புழுக்கம் தாங்கல. நேத்து கழுத்து வரைக்கும் கம்பளியை இழுத்துப் போத்திட்டுப் படுத்திருந்தான். இன்னிக்கு உதறிட்டுக் கெடக்கான்."

மூலையில் ஆள் உயரக் கண்ணாடி அறைக்குள் போர்க்கால ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று இருந்தது. அதில் காலில் கட்டோடு ஒரு மெழுகுச் சிப்பாய். மேலே போர்வை இல்லை.

அண்ணி போய்க் கண்ணாடிக் கதவின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. பிறகு சுவரோரம் குந்தி, இரும்புச் சல்லடைமேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தாள். காய்ச்சல் பார்க்கிறீர்களா என்று ரேடியோ கேட்டான். அவள் எழுந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. அந்த முகம் அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு யாராவது ஒருவர் அடி வாங்குவார்கள். பெரும்பாலும் அது அவன்தான்.

"அந்த மேஸ்திரியைப் பிடி" என்றாள்.

ஆட்களையெல்லாம் போலீஸ் வேலையை நிறுத்தி அனுப்பியிருந்ததால் சாரம் வெறிச்சோடியிருந்தது. தள்ளுவண்டி ஏறுவதற்காகத் தரையிலிருந்து முதல் தளம் வரைக்கும் பலகை போட்டுச் சரிவு கட்டியிருந்தார்கள். ரேடியோ அதில் பாதி ஏறியிருப்பான். சாக்குப் படுதா விலகியது. முதலில் வந்தது கரணை. சாந்து பூசித் தேய்ந்து, கத்தியாகத் தீட்டப்பட்டிருந்த அதன் விளிம்பு அவன் முன்னங்கையைத் திறந்துவிட்டுப் போனது. பின்னாலேயே வந்த மேஸ்திரி தலையால் அவன் நெஞ்சில் முட்டினார். இரண்டு பேரும் பலகைமேல் விழுந்து உருண்டார்கள். ரேடியோ முழங்காலால் ஒன்று கொடுத்தான். மேஸ்திரிக்குப் பல் ஒன்று போனது. ஆனால் செங்கல் தூக்கிப் பழகிய கை கடைசியில் ரேடியோவின் தொண்டையைப் பிடித்துவிட்டது.

"என் மச்சானைக் கொன்னுட்டு கதவைக் கேட்டா வர்றீங்க? வாங்கடா. ஒவ்வொருத்தனா வாங்கடா."

ரேடியோவுக்குக் கண் இருட்டியது. நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தால் குரல் வரவில்லை. பிறந்ததிலிருந்து அவனுக்கு நேராத கொடுமை அது. அப்போது அண்ணி வந்து சேர்ந்தாள். அவசரப்படாமல் மேஸ்திரியின் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினாள். சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. மேஸ்திரி கையை விட்டுவிட்டு அலறினார். அவள் அவர் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, தங்களை யார் வேலைக்கு வைத்தார்கள், எதற்காக வந்தார்கள் என்று நிதானமாகச் சொன்னாள். உன் அக்காவை நேற்று பார்த்தேன், இன்னும் பச்சைத்தண்ணி பல்லில் படவில்லை, அவளுக்காகவாவது வாயைத் திற என்றாள். அதற்குப் பிறகு அந்த முரடர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். புதுக்கூடத்தில் மேஜையாகப் போடலாம் என்று அந்தக் கதவின் பழைய பெயிண்ட்டை ஆர்க்கிடெக்ட் அன்று மாலை தானே சுரண்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் முகம் வெளுத்துவிட்டது. மேஸ்திரியைக் கூப்பிட்டு, இதை யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வையுங்கள், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்றாள். அவர் ஒளித்து வைத்தார். விடிந்தால் மச்சான் பிணம். அன்று காலையிலிருந்து இரண்டு பேர் ஒவ்வொருவரிடமும் கதவு எங்கே, கதவு எங்கே என்று கேட்டுக்கொண்டு அலைகிறார்கள். அவர் வேறு என்னதான் நினைப்பார்.

"கதவு எங்கன்னு நான் கேக்கப் போறதில்ல" என்றாள் அண்ணி. "அதுமேல படுத்துத்தானே ரெண்டு பேரும் கட்டிப் புரண்டீங்க."

ரேடியோ குனிந்து பார்த்தான். சரிவில் மற்றதெல்லாம் ஒல்லிப் பலகை. அவன் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்த பலகை மட்டும் ஒரு ஆள் அகலம். அதன் ஓரத்தில் கீல் மாட்டியிருந்த பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தன. நேற்றிலிருந்து போலீஸ், தலைவர், அவர்கள் இருவர் என்று எல்லோரும் அதன்மேல் ஏறி இறங்கித்தான் கதவைத் தேடியிருக்கிறார்கள். அவன் புரட்டப் போனான். அண்ணி தடுத்தாள்.

"கதவு ஓடிடாது. அந்தப் பொண்ணுக்குத்தான் நேரமில்ல. நேத்து அந்தக் கூடம் குளுகுளுன்னு இருந்துச்சு. இன்னிக்கு சல்லடையில துளி காத்து வரல. யாரோ அடைச்சிருக்காங்க, அந்தச் சிப்பாயோட கம்பளியை வெச்சு. காத்தை அடைச்சு யாருக்கு என்ன ஆகப் போகுது?"

"யாருக்கும் இல்ல. வேர்க்கும், அவ்வளவுதான்" என்றான் ரேடியோ.

"காத்து வர்ற வழியில வேற என்னடா வரும்?"

அவனுக்குப் புரிந்தது. சத்தம். அடியிலிருந்து யாரோ சத்தம் போட்டிருக்கிறார்கள். போலீஸ் எல்லா அறையையும் சல்லடை போட்டுச் சலித்தது. ஆனால் பதுங்குகுழி இப்போது வரைபடத்தில் அறையே இல்லை, காற்றுக்கு ஒரு வழி. அதற்குள் ஆளைத் தேட ஒருவருக்கும் தோன்றவில்லை. மேஸ்திரி ஒடிந்த விரலோடு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். அண்ணி ஓடிக்கொண்டே போனில் யாரிடமோ ஒரு வார்த்தை பேசினாள்.

தோட்டத்துப் புதருக்கு நடுவே கிணற்றுச் சுவர் உயரத்துக்கு அந்த வாய் இருந்தது. மேலே மழைக்காகச் செய்த தகர மூடி பாதி தள்ளியிருந்தது. அதன் கீழே கம்பிக் கதவு, அதில் பளபளவென்று புதுப் பூட்டு. அவர்களைப் பார்த்துவிட்டுத் தலைவரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். இதன் சாவி காவலாளியின் கொத்தில் இருந்தது, ஐயோ, இது எனக்குத் தோன்றவே இல்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். மேஸ்திரி இரண்டே போடில் பூட்டை உடைத்தார். அண்ணி ரேடியோவிடம் டார்ச்சைக் கொடுத்து, இறங்கு என்றாள்.

உள்ளே காற்று அசையவில்லை. ஈரமண்ணும் மூத்திரமும் கலந்து நாறியது. தலை இடிக்கும் தாழ்ந்த கூரை, இரண்டு பக்கமும் சிமெண்ட் பெஞ்சு. கோடியில், கூடத்துக்குப் போகும் துவாரத்தில் கம்பளி திணிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே ஒருத்தி கால் மடங்கிக் கிடந்தாள். கையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கம்பி மணிக்கட்டில் எலும்பு வரை இறங்கியிருந்தது. வாயைக் கட்டவில்லை. அதற்குக் காரணம் ரேடியோவுக்கு அப்போதே தெரிந்தது. அவள் ஒவ்வொரு மூச்சையும் ஓட்டை விசில் ஊதுவதுபோல் இழுத்துக்கொண்டிருந்தாள். வாயை அடைத்தால் செத்துப்போவாள். அவள் செத்தால் கதவு இருக்கும் இடம் தெரியாது. அதனால்தான் காற்றை அடைத்திருக்கிறார்கள்.

அவன் கம்பியை அவிழ்த்து இன்ஹேலரை அவள் கையில் வைத்தான். தங்கை கொடுத்தனுப்பினாள் என்றான். அவள் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பேச மூச்சு இல்லாமல் கண்ணாலேயே பதறினாள்.

மேலே தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். மேஸ்திரி படியில் உருண்டு வந்து விழுந்தார். தலை பிளந்து ரத்தம் முகத்தை மூடியிருந்தது. அவருக்குப் பின்னால் அண்ணி தலைகுப்புற வந்து பெஞ்சில் மோதி அசையாமல் கிடந்தாள். ரேடியோ திரும்புவதற்குள் கடப்பாரை டார்ச்சோடு சேர்த்து அவன் கையைத் தட்டியது. காலடி படிக்குத் திரும்பியது, தகர மூடி உள்ளேயிருந்து கரகரவென்று இழுபட்டது. ஒரே இருட்டு.

"மன்னிக்கணும்" என்றார் தலைவர். அதே தணிந்த குரல். "மேஸ்திரி உங்க மூணு பேரையும் கொன்னுட்டு அவனும் செத்துட்டான்னு சொல்லிக்கறேன். அந்த முரட்டுப்பய செய்யக்கூடியவன்தான். ஊர் நம்பும்."

தன் காதுக்குக் கட்டுப் போட்ட கை அது என்று நினைத்தபோது ரேடியோவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவர் நடந்து வரும் சத்தம் கேட்டது. கடப்பாரை நுனி பெஞ்சைத் தட்டித் தட்டி வந்தது. கண் தெரியாத இடத்தில் அவர் காதால் தேடுகிறார். ரேடியோ மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஆனால் பக்கத்தில் அந்த விசில் நிற்கவில்லை. ஆர்க்கிடெக்ட் வாயைப் பொத்திப் பார்த்தாள். விரலுக்கிடையில் அது இன்னும் சன்னமாகக் கேட்டது. கையில் மருந்து இருக்கிறது. அழுத்தினால் உஸ்ஸென்று சத்தம் வரும், அவள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். அழுத்தாவிட்டால் மூச்சு நின்றுவிடும்.  கடப்பாரைத் தட்டல் அவர்கள் பக்கம் திரும்பியது.

ரேடியோவுக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். அவளை விட்டு எதிர்ச்சுவருக்கு நகர்ந்துகொண்டே வாயைத் திறந்தான்.

"சார், ஒரு சந்தேகம். சாகப் போறவன் கேக்கறேன், சொல்லிடுங்க. அந்தக் கதவுல அப்படி என்னதான் இருக்கு? எங்க வீட்டுலயும் ஒரு கதவு இருக்கு, மழைக்கு உப்பிப் போய் மூடவே மாட்டேங்குது, அதுக்கு நான் யாரையும் கொல்லல. எங்க அண்ணன் ஆசாரிகிட்ட சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சுட்டான்—"

கடப்பாரை அவன் தலைக்கு மேல் சுவரில் விழுந்தது. காரை கண்ணில் கொட்டியது. அவன் தவழ்ந்தான், பேச்சை நிறுத்தவில்லை. தன் குரலுக்கு அடியில் உஸ்ஸென்று ஒருமுறை கேட்டது. இன்னொருமுறை கேட்டது. அவன் குரலை இன்னும் உயர்த்தினான்.

"உங்க அப்பா சிலை வேற வாசல்ல நிக்குது. வெறுங்கையால மண்ணைத் தோண்டினாராமே. அந்தக் கையைச் சிலையில இன்னும் கொஞ்சம் பெரிசா வெச்சிருக்கலாம்—"

"எங்க அப்பா ஊரைக் காப்பாத்தினார்." முதல்முறையாக அந்தக் குரல் உயர்ந்தது. "மேல எதிரி வந்துட்டான். உள்ள அழறாங்க, பிள்ளைங்க கத்துது. அந்தச் சத்தத்துக்குத் தெருவே செத்திருக்கும். வெளியே தாழ்ப்பாள் போட்டு, காத்துத் துவாரத்தையும் மூடினார். வேற யாருக்கு அந்தத் தைரியம் வரும்? கூரை எல்லாம் அப்புறமா விழுந்ததுதான். இவ வந்து பெயிண்டைச் சுரண்டிட்டு, நாளைக்கே ஊருக்குக் காட்டணும்னு எங்கிட்டயே வந்து சொல்றா. காவல்காரன் அதைக் கேட்டுட்டு நின்னான்."

அடுத்த அடி குறி தவறவில்லை. ரேடியோவின் இடது தோள் முறிந்தது. வலியில் வாய் தானாக மூடியது. அவர் இரண்டு கையாலும் கடப்பாரையை ஓங்கும் காற்று முகத்தில் பட்டது.

பிறகு மொத்தென்று ஒரு சத்தம். இன்னொன்று. மூன்றாவதில் ஏதோ உடைந்தது. செங்கல்லா எலும்பா என்று சொல்ல முடியவில்லை. கனமான உடம்பு ஒன்று ரேடியோவின் காலில் சாய்ந்தது.

"பேச்சை ஏன்டா நிறுத்தினே?" இருட்டில் அண்ணியின் குரல் கேட்டது. வாயில் ரத்தம் இருந்ததால் குழறியது. "உன் குரலை வெச்சுத்தானே நான் ஊர்ந்து வந்தேன்."

"எதால அடிச்சீங்க?"

"பழைய செங்கல். இங்க எதையும் வீணாக்கக் கூடாதாமே."

அண்ணி போனில் கூப்பிட்டிருந்த இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்து மூடியைத் தள்ளியபோதுதான் யார் யாருக்கு எவ்வளவு போனது என்று தெரிந்தது. தலைவருக்குத் தாடை உடைந்திருந்தது. உயிர் இருந்தது, விலங்கு மாட்டித் தூக்கிப் போனார்கள். மேஸ்திரிக்கு மண்டையில் ஒரு விரல் நுழையும் பிளவு, ஆனாலும் ஆஸ்பத்திரி வண்டியில் ஏற மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். அண்ணிக்கு இரண்டு விலா எலும்பு. அவள் இன்ஸ்பெக்டரிடம் போர்வையைக் காட்டி ஒரே வரியில் முடித்தாள். காவலாளி சாவி நேற்றிலிருந்து உங்களிடம் இருக்கிறது, அப்படியிருக்க இன்று பூட்டு உடையாமல் இந்தப் போர்வை வெளியே வந்தால், மிச்சமிருக்கும் ஒரே சாவிக்கொத்து தலைவருடையதுதானே என்று கேட்டாள்.

அப்படியானால் அங்கேயே தெரியுமா என்று ரேடியோவுக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தோளாவது தப்பித்திருக்குமே என்றான்.

"சொல்லியிருந்தா உன் மூஞ்சி அவனுக்குச் சொல்லியிருக்கும். அவனை என் கண்ணு முன்னாடியே வெச்சிருந்தேன். வயசான ஆளுன்னு கொஞ்சம் அசந்துட்டேன். தப்புதான்டா" என்றாள் அண்ணி. அவள் தப்பென்று சொல்லி அவன் கேட்டதில்லை. கோபம் போய்விட்டது.

ஆர்க்கிடெக்டைத் தங்கை தாங்கிப் பிடித்திருந்தாள். கொஞ்சம் மூச்சு வந்ததும் அவள் மேஸ்திரியைத் தேடினாள்.

"கதவு?"

"பத்திரமா இருக்கு மேடம். எல்லாரும் மிதிச்சுட்டு நடக்கறாங்க."

"இனி யாரும் மிதிக்க வேணாம். நிமித்தி வைங்க."

அவர் கட்டுப்போட்ட தலையோடு போய், போலீஸ்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, சரிவிலிருந்து அதைக் கழற்றினார். புதுக்கூடத்தின் பாதி எழும்பிய சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள். மேஸ்திரி அப்பி மறைத்திருந்த சாந்தைத் தட்டியதும், வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் கொண்டியோடு அப்படியே இருந்தது, உள்ளேயிருந்து தள்ளித் தள்ளி வில்லாக வளைந்து. பிறகு கதவைத் திருப்பினார்கள். பெயிண்ட் போன இடமெல்லாம் நகக்கீறல். மரம் நார் நாராகப் பிய்ந்திருந்தது. நெஞ்சுயரத்தில் ஆழமாக இருந்தது. ரேடியோவின் கண் தானாகக் கீழே போனது. அவன் முழங்கால் உயரத்தில் கீறல்கள் இன்னும் நெருக்கமாக இருந்தன. அவை மெல்லிசாக, அரிசிமணி நீளத்தில் இருந்தன. ஒன்றின் முனையில் நகத்துண்டு ஒன்று இன்னும் மரத்தில் செருகியிருந்தது.

அண்ணிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"ஏதாவது பேசேன்டா" என்றாள்.

ரேடியோ வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. உடையாத கையால் பிளந்த தலைக்கவசத்தைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு அந்தச் சின்னக் கீறல்களுக்கு எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்தான். அவனைக் கூட்டிப்போக ஆஸ்பத்திரி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.